பெரியவர்களுக்கு மேல்தாடையை அகலப்படுத்தும் சிகிச்சை: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

மேல்தாடை இயல்பைவிடக் குறுகியிருந்தால் மேற்பற்களும் கீழ்ப்பற்களும் சரியாகப் பொருந்துவதில்லை. சிறு வயதில் இக்குறையை ஒரு கருவியின் உதவியால் எளிதாகச் சரிசெய்ய இயலும். வளர்ச்சி முடிந்த பெரியவர்களுக்கு அதே கருவி பல நேரங்களில் போதுமானதாக இருப்பதில்லை. எலும்பில் பொருத்தும் சிறுதிருகுகளோ அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம். உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கோ இச்சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டிருந்தால், அது ஏன் தேவைப்படுகிறது, எவ்வாறு செய்யப்படுகிறது, வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது. இது உங்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகாது.

மேல்தாடை குறுகியிருத்தல் என்றால் என்ன?

வாயை மூடும்போது மேற்பற்களின் வரிசை கீழ்ப்பற்களின் வரிசைக்குச் சற்று வெளியே, ஒரு மூடி பெட்டியின் மேல் அமர்வதுபோல அமைய வேண்டும். மேல்தாடை குறுகியிருந்தால் மேற்கடைவாய்ப் பற்கள் கீழ்க்கடைவாய்ப் பற்களுக்கு உட்புறமாக விழுகின்றன. இதனைக் குறுக்குக் கடி என்பர். இது ஒரு பக்கத்தில் மட்டுமோ இரு பக்கங்களிலுமோ காணப்படலாம்.

இத்துடன் பற்கள் நெருக்கமாகவோ ஒன்றன்மேல் ஒன்றாகவோ முளைத்திருக்கலாம். அண்ணம் எனப்படும் வாயின் மேற்கூரை ஆழமாகவும் குறுகலாகவும் இருக்கலாம். மெல்லும்போது தாடை ஒரு பக்கமாக நழுவலாம். சில பற்கள் மட்டும் அதிகமாகத் தேயலாம். சிரிக்கும்போது வாயின் இரு ஓரங்களிலும் இருண்ட இடைவெளி தெரியலாம்.

காரணங்கள்

பலருக்கு இது மரபு வழியாக வருகிறது. சிறு வயதில் நெடுநாள் விரல் சூப்பியவர்களுக்கும், மூக்கடைப்பு, அடினாய்டு போன்ற காரணங்களால் வாய்வழியே மூச்சுவிட்டுப் பழகியவர்களுக்கும் மேல்தாடை குறுகலாக அமைய வாய்ப்புண்டு. பிறவியிலேயே அண்ணப்பிளவு இருந்து, அதற்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் மேல்தாடையின் வளர்ச்சி குறையலாம். அவர்களுக்கான சிகிச்சைத் திட்டம் வேறுபடும் என்பதால் அண்ணப்பிளவுச் சிகிச்சைக் குழுவிடமே ஆலோசனை பெறுதல் நல்லது. பெரும்பாலும் ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட இயலாது. பெற்றோரோ நோயாளியோ தம்மைக் குறைகூறிக்கொள்ள வேண்டியதில்லை.

சிறுவருக்கும் பெரியவருக்கும் உள்ள வேறுபாடு

மேல்தாடை ஒரே எலும்பன்று. வலம், இடம் என இரண்டு எலும்புகள் அண்ணத்தின் நடுக்கோட்டில் சேர்ந்து அமைந்தது. இந்தச் சேர்க்கை நடு அண்ண இணைப்பு எனப்படும். குழந்தைப் பருவத்தில் இது ஏறக்குறைய நேர்கோடாகவும் நெகிழ்வாகவும் இருக்கும். பற்களில் பொருத்திய கருவியின் திருகை நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பினால் இவ்விணைப்பு விலகி, இடைவெளியில் புதிய எலும்பு வளரும். அமெரிக்கப் பல் மருத்துவர் எமர்சன் ஏஞ்செல் 1860ஆம் ஆண்டிலேயே ஒரு பதினான்கு வயதுச் சிறுமிக்கு இம்முறையில் தாடையை அகலப்படுத்தியதைப் பதிவு செய்தார். 1961இல் ஆண்ட்ரூ ஹாஸ் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் இம்முறை பரவலாயிற்று.

பருவ வயதைக் கடக்கும்போது இவ்விணைப்பின் இரு விளிம்புகளும் இரு கை விரல்களைக் கோத்ததுபோலப் பின்னிக்கொள்கின்றன. பின்னர் எலும்புப் பாலங்கள் உருவாகிப் படிப்படியாக இறுகுகின்றன. கன்ன எலும்பு, மண்டையோட்டின் அடிப்பகுதி ஆகியவற்றோடு மேல்தாடை சேரும் இடங்களும் உறுதிப்படுகின்றன. இந்த மாற்றம் எல்லோருக்கும் ஒரே வயதில் நிகழ்வதில்லை. பதினேழு வயதில் இறுகியவர்களும் உண்டு. முப்பது வயதிலும் முழுமையாக இறுகாதவர்களும் உண்டு. ஆகவே வயதை மட்டும் வைத்துச் சிகிச்சையை முடிவு செய்வதில்லை.

இறுகிய தாடையில் பற்களை மட்டும் பற்றிக்கொண்டு வலிந்து விரித்தால் எலும்பு விலகாது. பற்கள் வெளிப்புறமாகச் சாயும். பல்லின் வேர் கன்னப்பக்க எலும்பை ஒட்டி நகர்வதால் அவ்வெலும்பு மெலியும். ஈறு கீழிறங்கிப் பல்வேர் வெளியே தெரியலாம். கருவியை எடுத்தவுடன் பற்கள் பழைய இடத்துக்கே திரும்பவும் கூடும். பெரியவர்களுக்குச் சிறுதிருகுகளும் அறுவை சிகிச்சையும் தேவைப்படுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

எல்லோருக்கும் சிகிச்சை தேவையா?

இல்லை. குறுக்குக் கடி உள்ள பெரியவர்கள் பலர் வலியின்றி உண்டு, பற்களையும் நலமாகப் பேணி வாழ்கின்றனர். குறை சிறிதாக இருந்து, பல் தேய்மானமோ ஈறு பாதிப்போ மெல்லுவதில் இடரோ இல்லையெனில், ஒன்றும் செய்யாமல் கண்காணித்து வருவதும் ஏற்கத்தக்க முடிவே.

மெல்லுவதில் தொல்லை, பற்கள் சீரற்றுத் தேய்தல், ஈறு இறங்குதல் ஆகியவை இருந்தால் சிகிச்சை பயன் தரும். கடுமையான பல்நெருக்கம் உள்ளவர்களுக்கும், தாடைகளைச் சீராக்கும் பெரிய அறுவை சிகிச்சைக்கு ஆயத்தம் செய்ய வேண்டியவர்களுக்கும் இது உதவும். தோற்றத்தைப் பற்றிய கவலையும் பொருட்படுத்தத்தக்கதே. அதனை மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள். எனினும் இது அவசரச் சிகிச்சையன்று. சிந்தித்து முடிவெடுக்கவும், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும் உங்களுக்குப் போதிய காலம் உண்டு.

செய்யப்படும் பரிசோதனைகள்

பல் சீரமைப்பு மருத்துவர் முதலில் உங்கள் பற்கள், ஈறுகள், கடி, தாடை மூட்டு ஆகியவற்றைப் பரிசோதிப்பார். பற்களின் அச்சு வார்ப்பு அல்லது கணினி வருடல் எடுக்கப்படும். இரு தாடைகளின் அகலமும் அளக்கப்பட்டு, குறை பற்களின் சாய்வால் ஏற்பட்டதா, எலும்பிலேயே உள்ளதா என்பது கண்டறியப்படும். இவ்வேறுபாடுதான் சிகிச்சையின் வகையைத் தீர்மானிக்கிறது.

எக்ஸ்ரே படங்களோடு, தேவையெனில் தாடையின் முப்பரிமாணக் கூம்புக்கற்றை சி.டி. படமும் எடுக்கப்படும். நடு அண்ண இணைப்பு எந்த அளவுக்கு இறுகியுள்ளது, பல்வேர்களைச் சுற்றி எலும்பின் தடிமன் எவ்வளவு என்பவற்றை இதில் காணலாம். இணைப்பின் முதிர்ச்சியை ஐந்து நிலைகளாகப் பகுக்கும் முறை 2013இல் வெளியிடப்பட்டது. பல மருத்துவர்கள் அதனைப் பின்பற்றுகின்றனர். படம் ஒரு வழிகாட்டியே. இணைப்பு விலகுமா என்பதை அது உறுதியாகக் கூறிவிடாது.

கருவுற்றிருந்தாலோ கருவுற்றிருக்க வாய்ப்பிருந்தாலோ எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே தெரிவியுங்கள்.

சிகிச்சை முறைகள்

1. பல் சீரமைப்புக் கம்பி மட்டும்

குறை சில மில்லிமீட்டர் அளவே இருந்து, பற்கள் உட்புறமாகச் சாய்ந்திருந்தால், கிளிப் எனப் பலரும் அழைக்கும் பல் கம்பியோ ஒளி ஊடுருவும் அலைனர் உறைகளோ போதுமானவை. இவை பற்களை நிமிர்த்துகின்றன. தாடை எலும்பை அகலப்படுத்துவதில்லை.

2. சிறுதிருகுகளின் உதவியால் விரித்தல்

உங்கள் மருத்துவக் கோப்பில் இது ‘மார்பி’ என்னும் சுருக்கப் பெயரால் குறிக்கப்படலாம். அண்ணத்தின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் பொதுவாக நான்கு சிறிய உலோகத் திருகுகள் எலும்பில் பொருத்தப்படுகின்றன. அவற்றோடு விரிவாக்கக் கருவி இணைக்கப்படுகிறது. விசை பற்களைவிட எலும்பின் மீதே மிகுதியாகச் செயல்படுவதால் பற்கள் சாய்வது குறைகிறது. அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு, நாற்காலியில் அமர்ந்த நிலையிலேயே இதனைச் செய்ய இயலும். மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. இருபது வயதுடைய ஒருவருக்கு இவ்வகைக் கருவியால் சிகிச்சை அளித்ததைத் தென்கொரிய மருத்துவர்கள் 2010இல் பதிவு செய்தனர். அதன்பின் இம்முறை பல நாடுகளிலும் பரவியது.

இளம் வயதினருக்கே இது மிகுதியாகப் பலன் தருகிறது. வயது கூடக் கூட இணைப்பு விலகாமல் போகும் வாய்ப்பும் கூடுகிறது. விலகும் வேளையில் சிலருக்கு மூக்கின் அடியில் அழுத்தமோ ‘டக்’ என்ற ஒலியோ தோன்றலாம். மருத்துவர் குறிப்பிட்ட நாட்கள் திருப்பிய பின்னரும் முன்பற்களுக்கு இடையே இடைவெளி தோன்றாவிட்டால் மேலும் வலிந்து திருப்பக் கூடாது. நிறுத்திவிட்டு மருத்துவரைக் காணுங்கள். அத்தகையோருக்கு அறுவை சிகிச்சையின் உதவி தேவைப்படலாம்.

3. அறுவை சிகிச்சையின் உதவியால் விரித்தல்

இது ‘சார்பி’ எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. இணைப்பு முற்றிலும் இறுகியவர்களுக்கும், ஏறத்தாழ 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலப்படுத்த வேண்டியவர்களுக்கும், சிறுதிருகு முறையில் பலன் கிடைக்காதவர்களுக்கும் பெரும்பாலும் இது பரிந்துரைக்கப்படுகிறது.

வாய், தாடை, முக அறுவை சிகிச்சை நிபுணர் முழு மயக்க நிலையில் இதனைச் செய்கிறார். வெட்டுகள் யாவும் வாய்க்குள்ளேயே அமைவதால் முகத்தில் தழும்பு இராது. மேல்தாடையின் இரு பக்கச் சுவர்களிலும் எலும்பு வெட்டப்பட்டு, முன்பற்கள் இரண்டின் நடுவே இணைப்பு பிரிக்கப்படுகிறது. தேவைப்பட்டால் தாடையின் பின்பகுதியும் விடுவிக்கப்படும். அறுவையின்போதே தாடை முழுவதும் விரிக்கப்படுவதில்லை. தடைகள் மட்டுமே நீக்கப்படுகின்றன. அகலப்படுத்தும் பணி பின்னர் வீட்டில் நாள்தோறும் திருகைத் திருப்புவதன் மூலம் நடைபெறுகிறது.

மெல்ல மெல்ல விலகும் எலும்பு விளிம்புகளுக்கு நடுவே உடல் தானாகவே புதிய எலும்பை உருவாக்குகிறது. கால் எலும்பை நீளமாக்கும் இலிசரோவ் சிகிச்சையின் அடிப்படையும் இதுவே.

4. தாடையைத் துண்டுகளாகப் பிரித்து நகர்த்தும் அறுவை சிகிச்சை

மேல்தாடையை முன்னோ பின்னோ மேலோ கீழோ நகர்த்த வேண்டிய தேவையும் இருந்தால், தாடையை இரண்டு அல்லது மூன்று துண்டுகளாகப் பிரித்து, ஒரே அறுவையில் புதிய இடத்தில் உலோகத் தகடுகளால் பொருத்தலாம். ஓர் அறுவையோடு முடிந்துவிடுவது இதன் நன்மை. ஆனால் தாடையை நகர்த்தும் அறுவைகளுள் இவ்வாறு அகலப்படுத்துவதே பழைய நிலைக்குத் திரும்பும் போக்கு மிகுந்தது எனக் கருதப்படுகிறது. எனவே அதிக அகலம் தேவைப்படுவோருக்கு முதலில் மூன்றாவது முறையும், பின்னர் தாடை அறுவையும் என இரண்டு கட்டங்களாகச் செய்யப்படுவதுண்டு.

சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் கூற வேண்டியவை

கீழ்க்காண்பவற்றுள் எது இருந்தாலும் முன்கூட்டியே தெரிவியுங்கள்:

• நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதயநோய், இரத்தம் உறைவதில் குறைபாடு.
• இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள். இவற்றை நீங்களாகவே நிறுத்தக் கூடாது. அம்மருந்தைப் பரிந்துரைத்த மருத்துவரின் ஆலோசனைப்படியே மாற்ற வேண்டும்.
• எலும்பு மெலிவு நோய்க்கோ புற்றுநோய்க்கோ எடுத்துக்கொண்ட பிஸ்பாஸ்போனேட், டெனோசுமாப் வகை மருந்துகள். இவை தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கக்கூடும். பல ஆண்டுகளுக்கு முன் எடுத்திருந்தாலும் கூறுங்கள்.
• தலை, கழுத்துப் பகுதியில் பெற்ற கதிர்வீச்சுச் சிகிச்சை.
• மருந்து ஒவ்வாமை, உலோக ஒவ்வாமை.
• புகைபிடித்தல், புகையிலை மெல்லுதல், வெற்றிலை பாக்கு போடுதல்.

ஈறு நோயும் சொத்தைப் பற்களும் இருந்தால் அவற்றுக்கு முதலில் சிகிச்சை பெற வேண்டும். புகையிலைப் பழக்கம் புண் ஆறுவதையும் புது எலும்பு உருவாவதையும் தாமதப்படுத்தும். சிகிச்சைக்குச் சில வாரங்களுக்கு முன்பே அதனை நிறுத்துவது பெரிதும் உதவும்.

அறுவைக்குப் பின் முதல் இரு வாரங்கள்

பெரும்பாலானோர் ஓரிரு நாட்கள் மருத்துவமனையில் தங்க நேரிடும். முகத்தில் வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாட்களில் மிகுந்து, பின்னர் படிப்படியாகக் குறையும். கன்னத்தில் நீல நிறம் படரலாம். மூக்கிலிருந்து சில நாட்கள் சிறிதளவு இரத்தம் கசிவதுண்டு. மூக்கடைப்பும் இருக்கும். மேலுதடும் கன்னமும் மரத்திருப்பது இயல்பு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பும். ஓரிரு வாரங்களில் அலுவலகப் பணிக்குத் திரும்பலாம். கடும் உடலுழைப்புக்கு மருத்துவரின் அனுமதி பெற வேண்டும்.

• தலையை உயர்த்தி வைத்துப் படுங்கள். முதல் இரண்டு நாட்கள் துணி சுற்றிய பனிக்கட்டியை விட்டுவிட்டுக் கன்னத்தில் வையுங்கள்.
• மருத்துவர் அனுமதிக்கும் வரை, பொதுவாக இரு வாரங்கள், மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.
• உறிஞ்சுகுழல் கொண்டு எதையும் பருக வேண்டாம்.
• வலி மருந்து, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து ஆகியவற்றைக் கூறிய நாட்கள் முழுவதும் கூறியபடியே உட்கொள்ளுங்கள்.

திருகைத் திருப்பும் நாட்கள்

இச்சிகிச்சையின் வெற்றியில் வீட்டாரின் பங்கு மிகப் பெரிதாக இருக்கும் கட்டம் இதுவே. அறுவைக்குப் பின் வழக்கமாக 5 முதல் 7 நாட்கள் ஓய்வு கொடுக்கப்படும். அதன்பின் நாள்தோறும் திருப்பத் தொடங்க வேண்டும். பல கருவிகளில் கால் சுற்றுத் திருப்பினால் ஏறக்குறைய 0.25 மில்லிமீட்டர் விரியும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எனத் திருப்பினால் நாளொன்றுக்கு 0.5 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் விரிக்க வேண்டுமெனில் சுமார் 16 நாட்களாகும். கருவிக்குக் கருவி அளவு மாறுபடும் என்பதால் உங்கள் மருத்துவர் எழுதித் தந்த எண்ணிக்கையை மட்டுமே பின்பற்றுங்கள்.

தம் வாய்க்குள் தாமே திருப்புவது கடினம். உடன் இருப்பவர் ஒருவர் மருத்துவமனையிலேயே மருத்துவர் முன்னிலையில் ஒருமுறை திருப்பிப் பழகிக்கொள்வது நல்லது.

• நோயாளியை வெளிச்சத்தில் தலையைச் சாய்த்து அமரச் செய்யுங்கள்.
• சாவியின் பிடியில் கட்டிய நூலை விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். சாவி தவறி விழுந்தால் தொண்டைக்குள் போகாமல் இது காக்கும்.
• திருகின் துளையில் சாவியை முழுமையாக நுழைத்து, மருத்துவர் காட்டிய திசையில் அடுத்த துளை தெளிவாகத் தெரியும் வரை தள்ளுங்கள்.
• சாவியை வெளியே எடுக்கும்போது திருகு பின்னோக்கித் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
• நாள், நேரம், திருப்பிய எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, ஒவ்வொரு வருகையின்போதும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒருமுறை திருப்ப மறந்துவிட்டால், ஈடுசெய்வதற்காக அடுத்த முறை இரு மடங்காகத் திருப்பக் கூடாது. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தெரிவித்து ஆலோசனை கேளுங்கள். மிக விரைவாக விரித்தால் எலும்பு சரியாகக் கூடாது, ஈறு கிழியலாம். மிக மெதுவாக விரித்தால் எலும்பு உரிய காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொள்ளலாம்.

திருப்பியதும் மூக்கின் அடியிலும் கன்னத்திலும் சில நிமிடங்கள் அழுத்தம் தோன்றுவது இயல்பே. கடும் வலி இருந்தால் திருப்புவதை நிறுத்திவிட்டு மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள்.

முன்பற்களுக்கு நடுவே தோன்றும் இடைவெளி

திருப்பத் தொடங்கிய சில நாட்களில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி தோன்றி, நாளுக்கு நாள் பெரிதாகும். கண்ணாடியில் காண்போர் அஞ்சுவதுண்டு. இது தவறு நேர்ந்ததன் அடையாளமன்று; எலும்பு விலகுகிறது என்பதற்கான நல்ல அடையாளம். பின்னர் பல் கம்பியின் உதவியால் இவ்விடைவெளி மூடப்படும். அதற்குச் சில மாதங்கள் ஆகும். திருமணம், நேர்காணல் போன்ற நிகழ்வுகள் நெருங்கியிருந்தால் சிகிச்சை நாளைக் குறிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கூறுங்கள்.

அந்நாட்களில் பேச்சும் சற்றுக் குழறலாம். எச்சில் மிகுதியாகச் சுரக்கலாம். ஓரிரு வாரங்களில் நாக்கு பழகிக்கொள்ளும்.

உணவும் வாய்த் தூய்மையும்

முதல் சில நாட்கள் கஞ்சி, மோர், பால், இளநீர், வடிகட்டிய சூப்பு போன்ற நீர்ம உணவுகள் ஏற்றவை. மிகுந்த சூடு வேண்டாம். அதன்பின் குழைய வேகவைத்த பருப்புச் சோறு, தயிர்ச் சோறு, பாலில் ஊறிய இட்லி, மசித்த காய்கறி, வேகவைத்த முட்டை ஆகியவற்றை உண்ணலாம். ஆறு முதல் எட்டு வாரங்கள் மென்மையான உணவே நல்லது. முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கரும்பு, எலும்புள்ள இறைச்சி ஆகியவற்றைத் தவிர்க்கவும். ஒட்டிக்கொள்ளும் அல்வா, மிட்டாய் வகைகள் கருவியைப் பெயர்த்துவிடலாம்.

கருவிக்கும் அண்ணத்துக்கும் நடுவே உணவுத் துணுக்குகள் தங்கும். உண்ட பின் ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான உப்பு நீரால் வாய் கொப்பளியுங்கள். முதல் நாட்களில் மெதுவாகவே கொப்பளிக்க வேண்டும். மென்மையான சிறு தூரிகையால் பற்களையும் கருவியையும் துலக்குங்கள். சிறுதிருகுகளைச் சுற்றி அழுக்குச் சேர்ந்தால் அங்குள்ள தசை வீங்கித் திருகு தளர்ந்துவிடலாம்.

எலும்பு உறுதிப்படும் காலம்

தேவையான அகலம் கிடைத்ததும் திருகு அசையாதவாறு பூட்டப்படும். கருவியை அப்போதே எடுத்துவிட மாட்டார்கள். இடைவெளியில் புதிய எலும்பு நிரம்பி உறுதிப்பட, அது ஏறத்தாழ 4 முதல் 6 மாதங்கள் வாயிலேயே இருக்க வேண்டும். ‘விரிப்பது முடிந்துவிட்டதே’ என்று எண்ணிப் பலர் இக்காலத்தில் மருத்துவமனைக்கு வருவதைத் தவிர்க்கின்றனர். முன்கூட்டியே கருவியை எடுத்தால் தாடை மீண்டும் குறுகிப் பட்ட துன்பம் வீணாகலாம்.

இக்காலத்திலோ அதன்பின்னோ பல் கம்பி பொருத்திப் பற்கள் வரிசைப்படுத்தப்படும். தொடக்கம் முதல் இறுதி வரை முழுச் சிகிச்சைக்கும் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுகள் ஆகும். கம்பியை எடுத்த பின் பற்களை அதே இடத்தில் நிறுத்தி வைக்கும் ரிட்டெய்னரை மருத்துவர் கூறும் காலம் வரை, பெரும்பாலும் பல ஆண்டுகள், இரவில் அணிய வேண்டும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் கிடைத்த அகலத்தில் ஒரு சிறு பகுதி குறைவது இயல்பு. அதனை எதிர்பார்த்தே மருத்துவர்கள் சற்று மிகுதியாக விரிப்பதுண்டு.

ஏற்படக்கூடிய இடர்கள்

பெரும்பாலோருக்கு இச்சிகிச்சை பெருந்தொல்லையின்றி முடிகிறது. எனினும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் கீழ்க்காண்பவற்றை அறிந்திருக்க வேண்டும்:

• இரு பக்கங்களும் ஒரே அளவில் விரியாமை, அல்லது இணைப்பே விலகாமை.
• பற்கள் சாய்தல், ஈறு இறங்குதல், பல்வேர் தேய்தல்.
• அறுவை செய்த இடத்துக்கு அருகிலுள்ள முன்பல் நிறம் மாறுதல் அல்லது உயிர்ப்பிழத்தல். அப்பல்லுக்கு வேர்ச் சிகிச்சை தேவைப்படலாம்.
• தொற்று, சைனஸ் அழற்சி, மூக்கில் இரத்தக் கசிவு.
• கன்னம், மேலுதடு, ஈறு ஆகியவற்றில் நீடித்த மரத்த தன்மை.
• சிறுதிருகு தளர்தல் அல்லது கருவி உடைதல்.
• மூக்கின் அடிப்பகுதி சற்று அகலமாகத் தோன்றுதல்.
• அரிதாக, மீண்டும் அறுவை அரங்குக்குக் கொண்டு செல்ல வேண்டிய அளவுக்குக் கடும் இரத்தப்போக்கு.

உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டிய நிலைகள்

• மூக்கிலோ வாயிலோ வடியும் இரத்தம், நிமிர்ந்து அமர்ந்து சற்று முன்புறம் சாய்ந்திருந்தும் பதினைந்து நிமிடங்களில் நிற்காமை.
• 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல், சீழ், தீநாற்றம்.
• குறைந்துவந்த வீக்கமோ வலியோ மீண்டும் மிகுதல்.
• பார்வை மங்குதல், இரட்டையாகத் தெரிதல், கண்ணில் கடும் வலி.
• கருவி ஆடுதல், கழலுதல், திருகு திரும்பாமை.
• திருப்பியும் இடைவெளி தோன்றாமை, அல்லது ஒரு பக்கம் மட்டும் விரிதல்.

இரத்தம் பெருகி வழிந்தாலோ மூச்சுவிட இயலாமற்போனாலோ காத்திராமல் 108 ஆம்புலன்சை அழைக்கவும்.

மூச்சு, குறட்டை பற்றிய எதிர்பார்ப்புகள்

அண்ணமே மூக்கின் தளமாகவும் அமைவதால், மேல்தாடை விரியும்போது மூக்கின் உட்பகுதியும் ஓரளவு அகலமாகிறது. சிலருக்கு மூக்குவழி மூச்சு எளிதாகிறது. ஆயினும் மூச்சுத்திணறலுக்கோ குறட்டைக்கோ இதனை உறுதியான தீர்வாகக் கொள்ள இயலாது. உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருப்பதாக ஐயம் இருந்தால், உறக்கப் பரிசோதனை செய்து அதற்குரிய மருத்துவரிடம் சிகிச்சை பெறுங்கள். அவர் பரிந்துரைத்த காற்றழுத்தக் கருவியைத் தாடையை விரித்ததனால் நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

அறுவையோ திருகோ இன்றி, கழற்றி மாட்டும் தட்டு ஒன்றாலேயே பெரியவர்களின் தாடை எலும்பை வளர்த்துவிடலாம் என்று கூறும் விளம்பரங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். நாக்கை அண்ணத்தில் அழுத்திப் பயிற்சி செய்தால் தாடை அகலமாகும் என்ற கூற்றுக்கும் பெரியவர்களைப் பொறுத்தவரை போதிய சான்று இல்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள்

• என் குறை பற்களில் உள்ளதா, எலும்பில் உள்ளதா? எத்தனை மில்லிமீட்டர்?
• என் வயதிலும் என் எலும்பின் நிலையிலும் அறுவையின்றி விரிய வாய்ப்பு எவ்வளவு? விரியாவிட்டால் அடுத்த வழி என்ன?
• என் ஈறும் எலும்பும் இதனைத் தாங்குமா?
• சிகிச்சை பெறாவிட்டால் என்ன நேரும்?
• பின்னர் இன்னொரு தாடை அறுவை தேவைப்படுமா?
• மொத்தச் செலவு எவ்வளவு? அறுவை, கருவி, கம்பி, ரிட்டெய்னர் அனைத்தும் அதில் அடங்குமா?
• இரவிலோ விடுமுறை நாளிலோ தொல்லை ஏற்பட்டால் யாரை அழைப்பது?

எங்கே சிகிச்சை பெறலாம்?

பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். பட்டம் பெற்றவரும், வாய், தாடை, முக அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். பட்டம் பெற்றவரும் இணைந்து திட்டமிட வேண்டிய சிகிச்சை இது. இருவரும் உங்களைப் பரிசோதித்து ஒரே திட்டத்துக்கு உடன்பட்ட பின்னரே தொடங்குவது பாதுகாப்பானது. மருத்துவர் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்பதைக் கேட்டறிவது உங்கள் உரிமை.

அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவ்விரு துறைகளும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அவற்றுள் ஒன்று. முதல் வருகையின்போது பழைய எக்ஸ்ரே படங்கள், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், முன்பு பெற்ற பல் சிகிச்சையின் விவரங்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். காப்பீடு இருப்பின், சிகிச்சையின் எப்பகுதிக்கு அது பொருந்தும் என்பதை அறுவை நாளைக் குறிப்பதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

வளர்ச்சி முடிந்த தாடையையும் அகலப்படுத்த இயலும்; ஆனால் எலும்பின் நிலைக்கு ஏற்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே அது நிலைக்கும். அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பலனைக் காப்பது அதன்பின் நாள் தவறாமல் திருப்பும் திருகும், மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும் கருவியும், ஆண்டுக்கணக்கில் அணியும் ரிட்டெய்னருமே. இவற்றுக்கு உங்கள் வாழ்க்கைச் சூழல் இப்போது இடம் தருகிறதா என்பதைக் குடும்பத்தினருடன் கலந்து பேசுங்கள். இடம் தராவிட்டால் சில மாதங்கள் காத்திருந்து தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அதனால் தீங்கு நேர்வதில்லை.